ஏறுதடத்தை ஸ்னோமொபைல் சிதைத்தால் என்ன செய்வது

பனிச்சறுக்குப் பலகைகளில் மலையேற இரண்டு மணி நேரம் பாடுபட்டு நீங்கள் பனியில் போட்ட ஏறுதடத்தை, ஸ்னோமொபைல்காரர்கள் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி ஓட்டுபவர்கள்) உழுதுவிட்டுப் போனதும், கீழே வண்டி நிறுத்துமிடத்தில் வாய்த்தகராறு ஆனதும் படித்தேன். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அந்தச் சரிவு மோட்டார் வண்டிக்குத் திறந்ததா என்று முதலில் பாருங்கள். அமெரிக்க தேசியக் காடு என்றால் 2015 விதிப்படி இதற்கென்றே வரைபடம் போடுகிறார்கள். திறந்த இடம்தான் என்றால் அவர்களுக்கும் உரிமை உண்டு, சண்டை போட்டுப் பயனில்லை.

தடம் போனால் போகட்டும், என் பயம் வேறு. 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவில் நீங்கள் கீழே இருக்கும்போது மேலே ஒரு வண்டி ஏறினால், சரியும் பனி மொத்தமும் உங்கள் தலையில்தான் வந்து விழும். அடுத்த முறை பார்க்கும்போது இதை மட்டும் அமைதியாக, நேராகச் சொல்லுங்கள்.

அப்புறம், குறுகிய பாதையில் இஞ்சின் சத்தம் கேட்டதும் நீங்களே ஓரம் ஒதுங்கிவிடுங்கள், ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு உங்கள் குரல் கேட்காது. ஓட்டுபவர் மூன்று விரல் காட்டினால் பின்னால் இன்னும் மூன்று வண்டி வருகிறது என்று பொருள், மூடிய முஷ்டி காட்டுபவர்தான் கடைசி ஆள். அவர் கடந்து போகும்வரை பாதையில் கால் வைக்காதீர்கள்.