சாமி மேடைக்கு எத்தனை திருகாணி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் சிறிய மரப்பட்டறை நடத்துகிறேன். அடுக்குமாடி வீடுகளுக்கு ஏற்றவாறு சுவரில் மாட்டும் சாமி மேடைகளைச் செய்கிறோம். 6 பேர் 8 மணி நேரம் வேலை செய்து நாளுக்கு 18 மேடைகளை முடித்துவந்தோம். தீபாவளி நெருங்குவதால் இருவரைக் கூடுதலாகச் சேர்த்தேன். இப்போதும் 20தான் முடிகின்றன. ஆள் கூடியும் வேலை கூடாதது ஏன்? ஒரு மேடையின் படத்தையும் உறுப்புப் பட்டியலையும் இணைத்துள்ளேன். – வாசகர், பிறை

பதில்: கூடியிருப்பது உற்பத்தி, குறைந்திருப்பது உற்பத்தித்திறன். முன்பு 48 மணி நேர உழைப்பில் 18 மேடைகள், அதாவது ஒன்றுக்கு 2 மணி 40 நிமிடம். இப்போது 64 மணி நேர உழைப்பில் 20 மேடைகள், அதாவது ஒன்றுக்கு 3 மணி 12 நிமிடம். உழைப்பின் பலன் ஆறில் ஒரு பங்கு சரிந்துவிட்டது. மலேசியாவில் 2025 ஆகஸ்டிலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தும் குறைந்தபட்ச மாத ஊதியமான 1,700 வெள்ளியை (ரிங்கிட்டை) மட்டும் வைத்துக் கணக்கிட்டாலும், புதிய இருவருக்கும் மாதம் 3,400 வெள்ளி ஆகிறது. சேமநிதிக்குக் கட்டுவது தனி.

இதை வைத்துப் புதியவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நாளைக் காலை பட்டறையின் நடுவில் நின்று, பாதி முடிந்த மேடைகள் எந்த இடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கின்றன என்று மட்டும் பாருங்கள். கோத்து முடித்த மேடையை முழுதாக நிறுத்திவைத்து வார்னிஷ் பூசுவதாக எழுதியிருப்பதால், குவியல் அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். காயும் இடம் நிறைந்துவிட்டால், கோக்கும் மேசைக்கு எத்தனை பேரை அனுப்பினாலும் அவர்கள் காத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். நம் ஊர் மழைக்கால ஈரத்தில் வார்னிஷ் யாருடைய அவசரத்துக்கும் காயாது.

இனி உங்கள் உறுப்புப் பட்டியலுக்கு வருகிறேன், ஏனெனில் நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. பொருளைக் கோப்பதற்கு எளிதாக வடிவமைக்கும் முறையை உருவாக்கிப் பரப்பிய ஜெஃப்ரி பூத்ராய்டும் பீட்டர் டியூஹர்ஸ்டும் ஒவ்வோர் உறுப்பைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னார்கள். பொருள் பயன்படும்போது இந்த உறுப்பு மற்றவற்றிலிருந்து தனித்து அசைய வேண்டுமா? இது வேறு பொருளால்தான் ஆகியிருக்க வேண்டுமா? இது தனி உறுப்பாக இல்லாவிட்டால் மற்றவற்றைக் கோக்கவோ கழற்றவோ முடியாமல் போகுமா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று விடை வந்தால், அந்த உறுப்பை வேறொன்றோடு சேர்த்துவிடலாமா, நீக்கிவிடலாமா என்று யோசிக்க வேண்டும்.

உங்கள் மேடையின் கதவு அசைய வேண்டும். ஆகவே அது இருக்கட்டும். விளக்கு வைக்கும் இடத்தில் பதித்த எவர்சில்வர் தகட்டின் வேலையை மரம் செய்யாது. அதில் கை வைக்கவே கூடாது. ஆனால் பின்பலகையைப் பிடித்து நிற்கும் 4 சட்டங்களும் 12 திருகாணிகளும் மூன்று கேள்விகளிலும் தோற்றுப்போகின்றன. பக்கப் பலகைகளில் காடி, அதாவது நீளமான பள்ளம், வெட்டிவிட்டால் பின்பலகை அதற்குள் வழுக்கிச் சென்று நின்றுகொள்ளும். அது ஒட்டுப்பலகையாக இல்லாமல் முழுமரமாக இருந்தால் மட்டும், ஈரத்தில் உப்புவதற்குச் சிறிது இடம் விட்டு, பசை போடாமல் விடுங்கள்.

இடப் பலகைக்கும் வலப் பலகைக்கும் வெவ்வேறு துளையிடுகிறீர்கள். மேல்முனையிலிருந்தும் கீழ்முனையிலிருந்தும் துளைகள் ஒரே தொலைவில் இருக்குமாறு வரைந்தால், ஒரே பலகையைத் தலைகீழாகப் பிடித்தாலே அது மறுபக்கத்துக்குப் பொருந்தும். மாற்றி வெட்டிவிட்டோமே என்று பலகையைத் தூக்கி எறிய நேராது. திருகாணிகளில் 4 நீளங்கள் எதற்கு? நான் தொழிற்சாலையில் இருந்த காலத்தில், 8 மில்லிமீட்டருக்கும் 10 மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத வெளிச்சத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கிண்ணங்களில் வைத்திருந்தார்கள். நீளமானது மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்போதெல்லாம் கோத்த பெண்ணுக்குத்தான் திட்டு விழுந்தது. அந்த இரண்டு நீளங்களையும் வரைபடத்தில் எழுதிய பொறியாளரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கோபுர முகப்பில் உள்ள 5 செதுக்குத் துண்டுகளும் அந்த மூன்று கேள்விகளில் தோற்கத்தான் செய்யும். ஆனாலும் அவற்றை நீக்கச் சொல்ல மாட்டேன். வாங்குபவர் அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான் உங்கள் கடைக்குள் வருகிறார். அதைத் தனி மேசையில் ஒரே உறுப்பாகச் செய்து வைத்துக்கொண்டு, கடைசியில் பொருத்துங்கள்.

இவ்வளவும் செய்தபின் இன்னொரு லாபம் உண்டு. காடியும் திருகாணியும் மட்டுமே பிடித்து நிறுத்தும் மேடைக்கு முன்கூட்டியே, பலகை பலகையாக வார்னிஷ் பூசிவிடலாம். முழு மேடை ஒன்று காயும் இடத்தில் தட்டையான பலகைகள் அடுக்கடுக்காகக் காயும்.

கேள்வி: பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் 12 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ‘புரொடக்டிவிட்டி’ என்ற சொல் காதில் விழுந்தாலே இலக்கைக் கூட்டப்போகிறார்கள் என்றுதான் எங்களுக்குப் பொருள். எங்களைப் பிழிவதற்கு இது நாகரிகமான பெயரா? – வாசகி, பினாங்கு

பதில்: பல இடங்களில் அப்படித்தான் ஆகியிருக்கிறது, சகோதரி, மறுக்க மாட்டேன். 1913இல் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் உள்ள ஹைலண்ட் பார்க் ஆலையில், உறுப்புகளைக் கோக்கும் நகரும் வரிசையை (அசெம்பிளி லைன்) அமைத்தபோது, காரின் அடிச்சட்டத்தைக் கோக்கும் நேரம் சுமார் பன்னிரண்டரை மணியிலிருந்து 93 நிமிடமாகக் குறைந்தது. அதே ஆண்டில் அங்கே ஆட்கள் விலகிய விகிதம் 370 விழுக்காடு, அதாவது 100 பணியிடங்களுக்கு ஓராண்டில் 370 விலகல்கள். 1914 ஜனவரியில் நாள் ஊதியத்தை 5 டாலர் என்று அறிவித்ததற்கு இந்த ஓட்டமும் ஒரு முக்கியக் காரணம்.

உற்பத்தித்திறன் என்பது போட்டதற்கும் கிடைத்ததற்கும் உள்ள விகிதம். கையை வேகப்படுத்தியும் அதை உயர்த்தலாம். கைக்கு வரும் வேலையைக் குறைத்தும் உயர்த்தலாம். முதல் வழியைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர், தம் வடிவமைப்பாளர் செய்யாமல் விட்ட வேலையை உங்கள் தலையில் கட்டுகிறார் என்றே நான் கருதுகிறேன்.

இரண்டாம் வழிக்கு ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோவின் 1961ஆம் ஆண்டு அனுபவத்தைச் சொல்வார்கள். இரண்டு பொத்தான்கள் உள்ள ஒரு சிறிய சுவிட்சில், பொத்தானுக்கு ஒன்றாக இரண்டு வில்சுருள்களை (ஸ்பிரிங்) வைக்க வேண்டும். தொழிலாளர்கள் சில வேளை ஒன்றை மறந்துவிடுவார்கள். கவனம் கவனம் என்று கண்டித்துப் பயனில்லாமல் போன இடத்தில், முதலில் இரண்டு சுருள்களை எடுத்து ஒரு சிறு தட்டில் வைத்துவிட்டு, பிறகு கோக்கும்படி அவர் மாற்றினார். தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது அப்போதே தெரிந்துவிடும். இத்தகைய ஏற்பாட்டுக்கு முதலில் ‘முட்டாள் செய்தாலும் தவறாதது’ என்ற பொருளில் ‘பாக்கா-யோகே’ என்றுதான் பெயர் இருந்தது. நான் முட்டாளா என்று ஒரு பெண் தொழிலாளி கண்ணீர் விட்டதால், தவறித் தடுமாறுவதைத் தடுப்பது என்ற பொருளில் ‘போக்கா-யோகே’ என்று மாற்றினார்கள். பெயர் மாறிய இந்தச் செய்தியை உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பாருங்கள்.

பலனில் பங்கு கேட்பதற்கும் வழி இருக்கிறது. உற்பத்தித்திறனோடு இணைந்த ஊதிய முறை நம் நாட்டில் நடப்பில் உள்ள ஒன்று. இலக்கைக் கூட்டும் கூட்டத்திலேயே, கூடிய பகுதிக்கு ஊதியக் கணக்கு எப்படி என்று எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பம் மசாலைத்தூள் வணிகம் செய்கிறது. 3 வகைக் காரம், 4 அளவுப் பைகள் என 12 வகைகள் ஆகிவிட்டன. வகையைக் குறைக்காமல் வேலையை எளிதாக்க முடியுமா? – மாணவர், கோலாலம்பூர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: முடியும். வேறுபாட்டை இயன்றவரை கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். இத்தாலியின் பெனட்டன் நிறுவனம் கம்பளிச் சட்டைகளை நிறமில்லாமல் பின்னி வைத்துக்கொண்டு, எந்த நிறம் விற்கிறது என்று பார்த்தபின் சாயமேற்றியது இந்தக் கணக்கில்தான். நீங்கள் 12 விதமாக அச்சடித்த பைகளை வாங்கி அடுக்காமல், 4 அளவுகளில் வெறும் பைகளை வாங்கிக் காரத்தின் பெயரை ஒட்டுத்தாளில் ஒட்டலாம். கொத்தமல்லி, சீரகம், மஞ்சள் கொண்ட அடிப்படைக் கலவை ஒன்றையே அரைத்துவைத்து, மிளகாயைக் கடைசியில் சேருங்கள். கலக்கும் நாளில் காரம் குறைந்ததில் தொடங்கி மிகுந்ததில் முடித்தால், ஒவ்வொரு வகைக்கும் நடுவில் இயந்திரத்தை முழுதாகக் கழுவும் வேலை இருக்காது. மாலையில் ஒருமுறை கழுவினால் போதும்.