ஆக்சிஜன் பட்டால் மங்கும் சாயங்கள்: உங்கள் கேள்விகளும் பதில்களும்

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரே ஆக்சிஜன் அளவைச் சொல்லிவிடுகிறதே, திசுவுக்குள் சாயம் வைத்துப் பார்க்க வேண்டிய தேவை என்ன?

ஆக்சிமீட்டர் பார்ப்பது தமனி ரத்தத்தை. 660, 940 நானோமீட்டர் ஒளிகளை விரலுக்குள் செலுத்தி, ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏற்றியிருக்கிறது என்று கணக்கிடுகிறது. சரக்கு வண்டியில் ஏறிவிட்டது என்பதை அது சொல்லும். வீட்டு வாசலில் இறங்கியதா என்று சொல்லாது. நுண்குழாயிலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் திசுவுக்குள் ஏறக்குறைய 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் ஊடுருவ முடியும். அதற்குள் வழியிலுள்ள செல்கள் அதைத் தின்று தீர்த்துவிடும்.

அதனால் தமனியில் 100 மி.மீ. பாதரசம் அளவில் இருக்கும் ஆக்சிஜன் அழுத்தம், புற்றுக்கட்டியின் நடுவில் 10-க்கும் கீழே கிடக்கலாம். அப்போதும் விரலில் 98 சதவீதம் என்றுதான் காட்டும். ஆக்சிஜன் இல்லாத செல்களைக் கதிர்வீச்சால் கொல்ல, ஆக்சிஜன் உள்ள செல்களுக்குத் தேவைப்படுவதைவிட இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை அதிக அளவு வேண்டியிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அந்த இடத்து எண்ணை அந்த இடத்திலேயே அளந்தாக வேண்டும் என்பேன்.

ஒரு சாயத்துக்கு ஆக்சிஜனை எப்படி அடையாளம் தெரிகிறது? வேதிவினை நடக்கிறதா?

வேதிவினை இல்லை, மோதல்தான். ஒளியை விழுங்கிய பிளாட்டினம் போர்பைரின் மூலக்கூறு (நடுவே பிளாட்டினம் அணு கொண்ட, வளைய வடிவச் சாயம்), மும்மை நிலை எனப்படும் ஓர் ஆற்றல் படியில் போய் நிற்கிறது. அங்கிருந்து கீழே இறங்குவது குவாண்டம் விதிப்படி எளிதல்ல. அதனால் பல மைக்ரோ விநாடி அங்கேயே தங்கி, பிறகு மெதுவாகச் சிவப்பு ஒளியை விட்டு இறங்குகிறது. இதுதான் பாஸ்பரசன்ஸ்.

சாதாரண மூலக்கூறுகளில் ஆக்சிஜன் ஓர் அபூர்வப் பிறவி. அதன் இயல்பு நிலையே மும்மை நிலை. அதனால் ஒளிரக் காத்திருக்கும் சாயத்தின் மீது அது வந்து மோதினால், ஆற்றலைப் பறித்துக்கொண்டு போய்விடும். சாயம் ஒளிராமலே கீழே இறங்கிவிடும். சாயம் கெடுவதில்லை, அடுத்த ஒளித்துடிப்புக்குத் தயார். ஆக்சிஜனின் இந்தத் தணிப்பு வேலையை ஹான்ஸ் கவுட்ஸ்கி 1930-களிலேயே விரிவாக ஆராய்ந்தார். தணிப்பைக் கணக்கில் அடக்கும் ஸ்டெர்ன்-வோல்மர் சமன்பாடு அதற்கும் முந்தியது, 1919.

வாய்ப்பிருந்தால் ஒருமுறை கண்ணால் பாருங்கள். ஒரு சிறு குப்பியில் டொலுயீனில் கரைத்த பிளாட்டினம் போர்பைரின், மேலே புறஊதா விளக்கு. காற்று பட்ட கரைசல் மந்தமாக இருக்கும். நுண்குழலால் நைட்ரஜனைக் குமிழியிட்டுக்கொண்டே இருங்கள். சில நிமிடங்களில் குப்பி முழுக்கச் செக்கச்செவேல் என்று ஒளிர ஆரம்பிக்கும். மூடியைத் திறந்து ஒரு குலுக்குக் குலுக்கினால் ஒளி அப்படியே அடங்கிவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அலுத்ததில்லை.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்கு ஒரு மாதிரி. ஆக்சிஜனே இல்லாதபோது ஒரு சாயத்தின் ஒளிர்வு ஆயுள் (துடிப்பு நின்றபின் ஒளி அடங்க எடுக்கும் நேரம்) 60 மைக்ரோ விநாடி என்றும், 150 மி.மீ. அழுத்தத்தில் அது 20 ஆகக் குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 60-ஐ 20-ஆல் வகுத்தால் 3, ஒன்றைக் கழித்தால் 2. இந்த எண் அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பதே ஸ்டெர்ன்-வோல்மர் சமன்பாடு. அந்த 2-க்கு 150 மி.மீ. என்றால், திசுவில் ஆயுள் 40 என்று வரும்போது 60/40 கழித்தல் ஒன்று, அதாவது 0.5. அழுத்தம் 37.5 மி.மீ. அவ்வளவுதான்.

ஒளியின் பிரகாசத்தையே அளந்துவிடலாமே? ஆயுளை அளக்கும் கருவி எங்கள் ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகாது.

கட்டுப்படியாகாத நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனாலும் திசுவில் வெறும் பிரகாசத்தை நம்பாதீர்கள். சாயம் ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கினாலும் பிரகாசம் கூடும். ரத்தநாளம் குறுக்கே வந்தால் குறையும், விலங்கு மூச்சு விட்டு அசைந்தால் மாறும், சாயம் வெளுத்தாலும் குறையும். இத்தனை காரணங்களில் ஆக்சிஜன் எது என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஆயுளோ சாயம் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஒரு துடிப்பு கொடுத்து, ஒளி எவ்வளவு வேகமாக அடங்குகிறது என்று பார்க்கிறோம். இன்னொரு லாபமும் உண்டு: திசுவின் சொந்த ஒளிர்வு நானோ விநாடிகளில் அணைந்துவிடும். சில மைக்ரோ விநாடி பொறுத்து அளக்க ஆரம்பித்தால் அந்தத் தொல்லை முழுக்கப் போய்விடும்.

மைக்ரோ விநாடி என்பது மின்னணுவியலுக்குப் பெரிய வேகமே அல்ல. ஓர் எல்.ஈ.டி., ஒரு ஒளி டயோடு, நல்ல மாதிரியெடுப்பு வேகமுள்ள ஒரு அலைவுகாட்டி இருந்தால் ஒற்றைப் புள்ளி அளவீட்டைத் தொடங்கிவிடலாம். விலை கூடுவது படம் பிடிக்கும்போதுதான். அதுவும் முடியாது என்றால், ஆக்சிஜனுக்கு அசையாத ஒரு துணைச் சாயத்தைச் சேர்த்து விகிதம் பாருங்கள். ஆனால் திசுவின் ஆழம் இரண்டு நிறங்களையும் ஒரே மாதிரி விழுங்காது, அதை மறக்க வேண்டாம்.

சாயத்தில் எந்த உலோகம் இருக்க வேண்டும்: ருதேனியமா, பிளாட்டினமா, பல்லேடியமா?

நீங்கள் அளக்கப்போகும் ஆக்சிஜன் அளவே இதை முடிவு செய்யும். ருதேனியச் சாயங்களின் ஆயுள் சில மைக்ரோ விநாடிகள். பிளாட்டினம் போர்பைரின்களுக்குப் பல பத்து, பல்லேடியத்துக்குப் பல நூறு. ஆயுள் நீள நீள ஆக்சிஜன் வந்து மோதக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. ஆகவே மிகக் குறைந்த ஆக்சிஜனையும் பிடிக்க பல்லேடியம். அதே சாயத்தைக் காற்றில் காட்டினால் ஏறக்குறைய முழுவதும் அணைந்துபோகும். திசுவுக்குள் பச்சை ஒளியை ரத்தம் விழுங்கிவிடுவதால், சிவப்பில் கிளர்ந்து 800 நானோமீட்டர் அருகே ஒளிரும் பல்லேடியம் பென்சோபோர்பைரின் வகைகளே ஆழத்துக்கு ஏற்றவை.

என் அளவீட்டில் ஆக்சிஜன் பூஜ்யம் பூஜ்யமாகவே வருவதில்லை. நைட்ரஜன் ஒரு மணி நேரம் விட்டும் ஆயுள் கூடிக்கொண்டே போகிறது. என்ன தவறு, ஐயா?

உங்கள் குழாய் எதனால் ஆனது என்று முதலில் பாருங்கள். இதே சிக்கலில் நான் இரண்டு வாரம் சுற்றியிருக்கிறேன். நைட்ரஜன் உருளையைச் சந்தேகித்தேன், சாயத்தைச் சந்தேகித்தேன், புதிதாக ஓர் உணர்படலமே (சாயம் கலந்த மெல்லிய படலம்) வார்த்தேன். கடைசியில் பார்த்தால், உருளைக்கும் கலத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் சிலிக்கோன் குழாய்! சிலிக்கோன் ஆக்சிஜனைத் தாராளமாக உள்ளே விடும். அதனால்தான் உணர்படலம் செய்ய அது நல்ல பொருள், அதனாலேயே குழாய்க்கு ஆகாத பொருள். எஃகுக் குழாய் போட்ட அன்றே பூஜ்யம் நின்றது.

உணர்படலம் என்றால், தண்ணீரில் ஆக்சிஜனைத் தீர்த்துவிடும் சோடியம் சல்ஃபைட் கரைத்து, அதில் முக்கிப் பூஜ்யத்தைச் சரிபார்க்கலாம். கரைந்த சாயத்துக்கு குளுக்கோசுடன் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், கேட்டலேஸ் நொதிகள் போதும்.

அப்புறம் வெப்பநிலை. அறை வெப்பத்தில் அளவுதிருத்தம் செய்துவிட்டு 37 டிகிரியில் இருக்கும் விலங்கில் அளந்தால் எண் தப்பாகத்தான் வரும். சாயம் ரத்தப் புரதமான அல்புமினோடு ஒட்டிக்கொள்ளும் வகை என்றால், அளவுதிருத்தக் கரைசலிலும் அல்புமின் இருக்க வேண்டும்.

சாயமே திசுவுக்குக் கேடு செய்யாதா?

கவலை நியாயமானது. ஆற்றலைப் பறித்துக்கொண்ட ஆக்சிஜன், ஒற்றை நிலை ஆக்சிஜனாக மாறுகிறது. அது செல்லைத் தாக்கும். ஒளிவழிப் புற்றுநோய்ச் சிகிச்சை நம்பியிருப்பதே இதைத்தான். போதாக்குறைக்கு, அந்த ஆக்சிஜன் அக்கம்பக்கத்தோடு வினைபுரிந்துவிட்டால், நாம் அளக்க வந்த ஆக்சிஜனை நாமே குறைக்கிறோம். மங்கலான ஒளி, குறுகிய துடிப்பு, துடிப்புகளுக்கு நடுவே போதிய இடைவெளி: இவை மூன்றும் கட்டாயம். சாயத்தை டென்ட்ரிமர் (மரம்போல் கிளைவிடும் மூலக்கூறு) கிளைகளால் சுற்றி, வெளியே பாலிஎத்திலீன் கிளைக்கால் (PEG) என்ற பாலிமரால் போர்த்துவதும் உதவும். அது புரதத்தோடு ஒட்டாது, ஆக்சிஜன் வந்து சேரும் வேகமும் கட்டுக்குள் இருக்கும்.

மனிதர்களில் இது வந்துவிட்டதா?

ரத்தத்தில் செலுத்தும் உலோகச் சாயங்கள் பெரும்பாலும் விலங்கு ஆய்வோடு நிற்கின்றன. தோலுக்கடியில் வைக்கும், சாயம் பிணைத்த ஹைட்ரோஜெல் (நீர் ஊறிய மென்மையான ஜெல்) துண்டுகள் மனிதரில் சோதிக்கப்பட்டுள்ளன. எனக்கு மிகவும் பிடித்த வழி வேறு: உடல் தானே தயாரிக்கும் புரோட்டோபோர்பைரின். அதன் மூலப்பொருளான அமினோலெவுலினிக் அமிலத்தைத் தோலில் ஒட்டினால், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவிலேயே புரோட்டோபோர்பைரின் சேர்கிறது. அதன் தாமத ஒளிர்வை அளந்து மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜனைச் சொல்ல முடியும் என்று நெதர்லாந்தில் எக்பர்ட் மிக் குழுவினர் 2006-இல் காட்டினார்கள். ஆக்சிஜன் செலவாகிற அதே அறைக்குள்ளேயே அளவுகோல்!