இரண்டு கண்ணுக்கு ஒரு கேமரா

கேள்வி: நாங்கள் கோபிசெட்டிபாளையம். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு வெள்ளோடு ஏரியில் பறவைகளைப் படமெடுக்க ஆசை. அவருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி, கம்பத்தாட்டம், சொந்தக்காரர் வீட்டு விசேஷங்கள். ஆளுக்கொரு கேமரா கட்டுப்படியாகாது. 60 ஆயிரத்துக்குள் ஒரு டிஎஸ்எல்ஆர் வாங்கி இருவரும் வைத்துக்கொள்ள நினைக்கிறோம். கடையில் கேனான் 1500டி-யை இரண்டு லென்ஸோடு காட்டினார்கள். வாங்கலாமா? நான் தூரப் பார்வைக்குக் கண்ணாடி போடுகிறவள், அவர் போடுவதில்லை.

பதில்: ஒருவர் கையில் மட்டும் இருக்கப்போகிறது என்றால் 1500டி-யைக் குறை சொல்ல மாட்டோம். 24 மெகாபிக்சல், வீட்டுச் சுவரில் மாட்டுகிற அளவுக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் கைமாறுகிற கேமராவில் சண்டை மூட்டுவது செட்டிங்தான். அவர் ராத்திரி கம்பத்தாட்டத்துக்கு ஐஎஸ்ஓ-வை (ஒளியை உணரும் திறன்) 6400-இல் வைத்துவிட்டு அப்படியே பைக்குள் போடுவார். மறுநாள் காலை நீங்கள் எடுக்கும் கூழைக்கடா எல்லாம் புள்ளி புள்ளியாக வரும். நீங்கள் பறவைக்காகத் தொடர் ஃபோகஸில் (நகர்வதை விடாமல் பின்தொடர்வது) விட்டிருப்பீர்கள். கல்யாண வீட்டு இணைச்சீர்ச் சடங்கின்போது அவர் முகத்தில் ஃபோகஸ் பிடித்துவிட்டுக் கேமராவைக் கொஞ்சம் ஓரம் திருப்பினால், ஃபோகஸ் பின்னால் கட்டிய வாழைமரத்துக்குப் போய்விடும்.

அதனால் உங்களுக்கு நாங்கள் சொல்வது, ஒருவர் பயன்படுத்திய நிக்கான் டி7200. இது 2015-இல் வந்தது. மேலே உள்ள மோடு டயலில் யூ1, யூ2 என்று இரண்டு இடம் இருக்கும். யூ1 உங்களுக்கு, யூ2 அவருக்கு. ஒருவர் என்னதான் கிளறினாலும் கேமராவை அணைத்துப் போட்டால் சேமித்து வைத்தபடி திரும்பிவிடும்.

பறவைக்கு: டயலை எஸ்-இல் (ஷட்டர் வேகத்தை நாமே வைப்பது) வைத்து ஷட்டர் 1/1600, ஃபோகஸ் ஏஎஃப்-சி (தொடர் ஃபோகஸ்), ஐஎஸ்ஓ ஆட்டோ, உச்சவரம்பு 3200. பிறகு ஸ்பேனர் படம் போட்ட மெனுவில் 'சேவ் யூசர் செட்டிங்ஸ்' போய் யூ1-இல் சேமியுங்கள். விசேஷத்துக்கு: ஏ மோடு (லென்ஸ் திறப்பை நாமே வைப்பது), திறப்பு எஃப்/2, ஃபோகஸ் ஏஎஃப்-எஸ் (ஒருமுறை பிடித்து நிற்பது) ஒற்றைப் புள்ளி, ஐஎஸ்ஓ ஆட்டோ 6400 வரை, குறைந்தபட்ச ஷட்டர் 1/100, யூ2. அந்த 1/100-க்குக் காரணம் உண்டு. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். குழல்விளக்கும் மலிவான எல்இடி-யும் நொடிக்கு 100 தடவை மின்னும். அதைவிட வேகமாக ஷட்டர் போனால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும், சில சமயம் பாதி மஞ்சளாகவும் வரும். இந்த ஒரு விஷயத்தில் கேனான் 80டி மேல். விளக்கு மின்னுவதைப் பார்த்து நேரம் கணித்து ஷட்டரைத் தட்டும் வசதி அதில் உண்டு. அதிலும் சி1, சி2 இருக்கிறது. நோம்பிப் படம்தான் முக்கியம், வீடியோவும் வேண்டும் என்றால் 80டி. பறவைக்கு எங்கள் ஓட்டு டி7200-க்கே.

யூ1, யூ2-இல் பதியாதவற்றில் முக்கியமானவை மூன்று. கையால் திருகுகிற இவை பதியாது: ஒற்றைப் படமா தொடர் படமா என்கிற வளையம், லென்ஸின் பக்கவாட்டில் உள்ள ஸ்விட்சுகள், வியூஃபைண்டரை ஒட்டிய, பார்ப்பவர் கண்ணுக்கு ஏற்பத் திருத்தும் டயாப்டர் சக்கரம். கண்ணாடி போடுகிற உங்களுக்கு மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்காக அதைத் திருகினால், அடுத்து வாங்கிப் பார்க்கும் அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரியும். ஃபோகஸ் கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடுவார். படம் சரியாகத்தான் விழுந்திருக்கும். கேமராவை வெள்ளைச் சுவருக்கு நேராகப் பிடித்து, வியூஃபைண்டருக்குள் கீழே தெரியும் எண்கள் கூர்மையாகும்வரை சக்கரத்தைத் திருகுங்கள். சுவரைப் பார்க்காதீர்கள், எண்களைப் பாருங்கள். அவரவர் நிலைக்கு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

பணத்தில் பாதிக்கு மேல் பாடிக்கு (லென்ஸ் இல்லாத கேமரா) போகக் கூடாது. மீதியில் பறவைக்கு நிக்கான் ஏஎஃப்-எஸ் 70-300 விஆர் (லென்ஸ் பெயரில் ஏஎஃப்-எஸ் என்றால் ஃபோகஸ் மோட்டார் லென்ஸிலேயே இருக்கிறது), இதுவும் பழையதே போதும். டி7200-இன் சிறிய சென்சாரில் அது 450 மி.மீ. லென்ஸ் போல நெருக்கிக் காட்டும். கூழைக்கடாவுக்கும் நாரைக்கும் தாராளம். தூரத்து மீன்கொத்திக்குப் பத்தாது. விசேஷத்துக்கு ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 எஃப்/1.8ஜி. 50 எஃப்/1.8டி மலிவு என்று கடையில் தள்ளுவார்கள். அதில் மோட்டார் கிடையாது; டி7200 பாடியிலேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் அது இப்போது நன்றாகவே ஓடும். நாளைக்கு நிக்கானின் புது வகை மிரர்லெஸ் கேமரா வாங்கி, பழைய லென்ஸை இணைக்கும் எஃப்டிஇசட் அடாப்டரில் மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பழைய பாடி பார்க்கும்போது உங்கள் கார்டைப் போட்டு ஒரு ஜேபெக் எடுத்து, திருத்தாமல் கணினியில் ஏற்றி ஷட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள். நிக்கான் அதைப் படத்துக்குள்ளேயே எழுதிவைக்கும். இந்த ஷட்டரை 1,50,000 தடவை சோதித்ததாகக் கம்பெனி சொல்கிறது; 40,000-க்குள் கிடைத்தால் நல்லது. எஃப்/16 வைத்து வானத்தை எடுத்தால் சென்சார் தூசி கறுப்புப் பொட்டாகத் தெரியும். தூசியைத் துடைக்கலாம், அதற்காக விலையைக் குறைத்துக் கேளுங்கள், விட்டுவிடாதீர்கள். லென்ஸுக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பார்த்து, சிலந்தி வலை போல நூல் நூலாகத் தெரிந்தால் அது பூஞ்சை. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு வால்பாறை, ஊட்டி என்று மழைக்காலத்தில் போய்வந்தால் அந்தப் பூஞ்சை உங்களுக்கும் வரும். பையிலேயே வைக்காமல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும். அரிசிக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், மாவுத் தூசி உள்ளே போகும்.

பணம் எண்ணிக் கொடுக்கும் முன் கடையிலேயே இரண்டு மோடையும் சேமித்து, நீங்கள் ஐந்து படம், அவர் ஐந்து படம் என்று மாற்றி மாற்றி எடுத்துப் பாருங்கள். பறவை லென்ஸோடு ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும். பத்து நிமிஷத்தில் மணிக்கட்டு வலித்தால் அதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.