கப்பலில் குளிர்பான பேக்கேஜ்: வாங்கலாமா, வேண்டாமா?

சொகுசுக் கப்பல் பயணம் குறித்து வந்திருக்கும் வாசகர் கேள்விகளில் பாதிக்கு மேல் பானங்களைப் பற்றியவை. எனவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நாங்கள் கணவன், மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள் என நான்கு பேர். ஏழு இரவுகள் கொண்ட கப்பல் பயணத்துக்கு முன்பதிவு செய்திருக்கிறோம். எங்கள் வீட்டில் யாரும் மது அருந்துவதில்லை. ‘அளவில்லாத குளிர்பானம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 12 டாலர்’ என்று நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தவண்ணம் இருக்கிறது. ‘யானையையே வாங்கியாயிற்று, அங்குசத்துக்கு யோசிப்பானேன்’ என்கிறார் என் கணவர். நால்வருக்கும் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: நால்வருக்கும் வேண்டாம். இந்த அங்குசம் ஆள் கணக்கிலும் நாள் கணக்கிலும் விற்கப்படுவது என்பதால், கடைசியில் அதன் விலையும் ஒரு குட்டியானை விலைக்கு வந்து நிற்கும்.

பயணக் கட்டணத்துக்குள்ளேயே எவையெல்லாம் கிடைக்கின்றன என்பதை முதலில் பாருங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களின் பஃபே கூடத்தில் குடிநீர், ஐஸ், சாதாரணத் தேநீர், காபி, ஐஸ் டீ, எலுமிச்சைச் சாறு போன்ற ஒரு பானம் ஆகியவை நாள் முழுவதும் இலவசமாகவே வைக்கப்பட்டிருக்கும். காலை உணவு வேளையில் பழச்சாறும் கிடைக்கும். டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில் உணவு வேளையிலும், மேல்தளத்தில் நாமே பிடித்துக்கொள்ளும் குழாய்களிலும் குளிர்பானத்துக்கே கட்டணம் கிடையாது. அதே பானத்தைப் பாரில் கேட்டால்தான் காசு. வெர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் சாதாரணக் குளிர்பானங்கள் கட்டணத்துக்குள் அடக்கம். சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற உயர்கட்டணக் கப்பல்களில் மது உட்பட அனைத்தும் அடக்கம் என்பதால் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை. உங்கள் கப்பல் இவற்றில் எந்த வகை என்று தெரியாமல் பேக்கேஜ் வாங்குவது, வீட்டில் இருக்கும் பொருளையே கடையில் போய் வாங்கி வருவது போன்றது.

உங்கள் கப்பலில் குளிர்பானத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். மின்னஞ்சலில் பெரிய எழுத்தில் இருக்கும் 12 டாலரோடு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேவைக் கட்டணத்தையும் சேர்க்க வேண்டும். நிறுவனத்தைப் பொறுத்து அது 18 அல்லது 20 சதவீதம். 18 என்றே கொண்டால் நாளொன்றுக்கு 14.16 டாலர், ஏழு நாளுக்கு 99.12 டாலர், நால்வருக்கு 396.48 டாலர். ஒரு தம்ளர் குளிர்பானம் தனியாக 3.50 டாலர் என்றால், அதற்கும் அதே சேவைக் கட்டணம் சேர்ந்து 4.13 ஆகிறது. 99.12 டாலரை 4.13 ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒருவர் 24 தம்ளர் குடித்தால்தான் போட்ட பணம் சமமாகும், 25ஆவது தம்ளரிலிருந்துதான் லாபம்.

ஏழு நாளில் 24 தம்ளர் பெரிய விஷயமில்லையே என்று தோன்றும். ஆனால் கப்பலில் எல்லா நாளும் ஒரே மாதிரி அமைவதில்லை. முதல் நாள் ஏறுவதே நண்பகலுக்குப் பிறகு. அன்றைக்கும் முழு நாள் கட்டணம்தான். இடையில் மூன்று நாள் துறைமுகத்தில் நிற்கிறது என்றால், காலையில் இறங்கி மாலையில் திரும்பும் உங்களுக்கு அந்த நாள்களில் இரவு உணவோடு ஒரு தம்ளர் குடிக்கத்தான் நேரமிருக்கும். கரையில் இருக்கும் கடைகளில் கப்பல் பேக்கேஜ் செல்லாது. முதல் நாள் மூன்று, துறைமுக நாள்களில் மூன்று என ஆறு தம்ளர் போக, மீதி 18 தம்ளரையும் நடுக்கடலில் இருக்கும் மூன்று நாள்களில் குடித்தாக வேண்டும். நாளுக்கு ஆறு! 355 மில்லி லிட்டர் கோலா கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. சேர்க்கப்படும் சர்க்கரையை நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது பெரியவர்களுக்குக் கூடுதல் நலம் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. விடுமுறையில் போகிறவர்களுக்கு உபதேசம் செய்யும் எண்ணம் எனக்கில்லை; ஆனால் கொடுத்த காசுக்காகப் பிள்ளைகளைக் குடிக்கச் சொல்லும் நிலைக்குப் பெற்றோர் வந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருக்கிறேன் என்ன, நானே சொல்லியிருக்கிறேன். எங்கள் முதல் பயணத்தில் நால்வருக்கும் பேக்கேஜ் வாங்கினேன். இரண்டாம் நாளே பிள்ளைகள் நீச்சல் குளத்துக்கு அருகில் இருந்த இலவச எலுமிச்சைச் சாற்றுக் குழாயைக் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, நிறுவனம் கொடுத்த நான்கு கோப்பைகளும் கேபின் மேசையில் கவிழ்த்து வைத்தபடியே காய்ந்து கிடந்தன. ‘போய் ஆளுக்கொரு கோலா பிடித்து வாருங்கள்’ என்று நான் சொன்னதும், மகள் ‘தாகமே இல்லையே அப்பா’ என்றாள்.

உங்கள் மகன் நாளுக்கு இரண்டு, மகள் ஒன்று, நீங்கள் இருவரும் பயணம் முழுவதிலும் ஆளுக்கு மூன்று என்று தனித்தனியாக வாங்கினால் மொத்தம் 27 தம்ளர், 111.51 டாலர். நால்வருக்கான பேக்கேஜ் விலையில் அது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மகன் உண்மையிலேயே காலை முதல் இரவு வரை கோலா கேட்பவன் என்றால் அவனுக்கு மட்டும் வாங்கிக்கொடுங்கள். குளிர்பான பேக்கேஜைப் பொதுவாகக் குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் வாங்கலாம். ஆனால் அவன் கோப்பையிலிருந்து தங்கை குடிப்பதை நிறுவனங்கள் விதிமீறலாகக் கருதும் என்பதையும், பகிர்ந்து குடிப்பது தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தராமலேயே பேக்கேஜை ரத்து செய்ய விதியில் இடமுண்டு என்பதையும் அவனிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் கணவர் மாலையில் ஓரிரு பீர் அருந்துவார், நான் தொடுவதில்லை. அவருக்கு மட்டும் மது பேக்கேஜ் கேட்டால், ஒரே கேபினில் தங்குவதால் நானும் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார்கள். இது நியாயமா?

பதில்: நியாயமா என்றால் எனக்கும் உடன்பாடில்லை, ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. கார்னிவல், ராயல் கரீபியன் உள்ளிட்ட பல நிறுவனங்களில், ஒரு கேபினில் மது அருந்தும் வயதுடைய ஒருவர் மது பேக்கேஜ் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்க வேண்டும். ஒருவர் பேக்கேஜில் இருவர் குடித்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். ஓரிரு பீருக்காக இருவர் பேக்கேஜ் வாங்குவது கட்டுப்படியாகாது. அவர் குடிப்பதற்கு அவ்வப்போது காசு கொடுத்துவிடட்டும். மருத்துவக் காரணத்தாலோ வேறு காரணத்தாலோ நீங்கள் மது அருந்துவதில்லை என்று முன்கூட்டியே நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னால், உங்களுக்கு மட்டும் மது சேராத பேக்கேஜுக்கு அனுமதிப்பதும் உண்டு. ‘அளவில்லாத’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். கார்னிவலின் மது பேக்கேஜில் ஒரு நாளுக்கு 15 மதுபானங்கள்தான் உச்சவரம்பு. இன்னொன்று: மது பேக்கேஜுக்குள் குளிர்பானமும் அடங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்து வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: கரையிலிருந்தே குளிர்பான கேன்களை எடுத்துச் செல்ல விடுவார்களா?

பதில்: சில நிறுவனங்கள் விடும், ஓர் அளவுக்கு. கார்னிவலில் 355 மில்லி லிட்டருக்கு மேற்படாத, திறக்கப்படாத கேன்கள் அல்லது அட்டைப் பெட்டிகள் ஆளுக்கு 12 வரை அனுமதிக்கப்படுகின்றன. பாட்டிலுக்கு அனுமதி இல்லை. 2015 வரை பாட்டிலையும் அனுமதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தண்ணீர் பாட்டிலுக்குள் நிறமற்ற மதுவை ஊற்றி, மூடியை மீண்டும் ஒட்டிக் கொண்டுவரும் வித்தை பெருகியதால் அந்த ஆண்டு தடை வந்தது. ராயல் கரீபியனில் ஒரு கேபினுக்கு 12 கேன், பாட்டில் அல்லது பெட்டி என்பது விதி. ‘ஆளுக்கு’, ‘கேபினுக்கு’ என்ற இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்கள் பாதுகாப்புச் சோதனையில் பாதியை விட்டுவிட்டு ஏற நேரிடும். இந்தச் சலுகை ஏறும் நாளுக்கு மட்டுமே உரியது. கேன்கள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைக்கக் கூடாது. கேபினில் பானங்கள் வைக்க இருக்கும் சிறு குளிர்பெட்டி பெரும்பாலும் பொருளை ஓரளவு ஆறவைக்குமே தவிர, குளிர்பதனப் பெட்டி போலச் சில்லிட வைக்காது. கேபின் பணியாளரிடம் ஒரு வாளி ஐஸ் கேட்டால் தருவார். கேன் கொண்டுபோகும் இந்த வழி மேலே முதல் கேள்வி கேட்ட வாசகிக்கும் பொருந்தும்.

கேள்வி: பேக்கேஜை முன்கூட்டியே வாங்குவது நல்லதா, கப்பலில் ஏறியபின் வாங்குவதா?

பதில்: வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால் முன்கூட்டியே வாங்குங்கள். கப்பலில் விலை பொதுவாகக் கூடுதல். முன்பதிவில் விலை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குறைந்தால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிய விலையில் வாங்கிக்கொள்ளப் பல நிறுவனங்கள் அனுமதிக்கின்றன. நடுக்கடலில் இருக்கும் நாள்களுக்கு மட்டும் வாங்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் முடியாது. பயணம் முழுமைக்கும்தான் விற்பார்கள். ‘பேக்கேஜ் இலவசம்’ என்று விளம்பரம் வந்தாலும் சேவைக் கட்டணம் நம் தலையில்தான் விழும். அதுவும் பேக்கேஜின் முழு விலை மீது கணக்கிடப்படும். ஃபுளோரிடா போன்ற இடங்களில் கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அந்த ஊர் விற்பனை வரியும் சேரும்.

கேள்வி: குளிர்பான பேக்கேஜ் வாங்கினால் கப்பலில் எந்த பானத்தையும் குடிக்கலாம் என்று நண்பர் சொல்கிறார். சரியா?

பதில்: சரியில்லை. குளிர்பான பேக்கேஜ் என்பது பெரும்பாலும் குழாயிலிருந்து பிடித்துத் தரும் குளிர்பானத்துக்கு மட்டுமே. பாட்டில் தண்ணீர், அப்போதே பிழிந்த பழச்சாறு, எஸ்பிரெசோ வகைக் காபி, மாக்டெயில் ஆகியவற்றுக்கு அடுத்த நிலை பேக்கேஜ் வேண்டும். கேபினில் வைத்திருக்கும் மினிபார் பொதுவாக எந்த பேக்கேஜிலும் சேராது. எந்த நிறுவனத்தின் பானம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: ராயல் கரீபியனில் கோகோ கோலா, கார்னிவல் 2020 தொடக்கத்தில் பெப்சிக்கு மாறிவிட்டது. ஒன்றைத் தவிர மற்றொன்றைத் தொடாதவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

கப்பலின் கோலா சுவை மாறியிருக்கிறது என்று பலர் குறைபடுவதற்கும் காரணம் உண்டு. கெட்டியான சிரப், பெட்டிக்குள் அடைத்த பையில் வருகிறது. அதில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ ஐந்து பங்கு சோடாநீரைக் குழாய்முனையிலேயே கலந்து ஊற்றுகிறார்கள். ஆக, தம்ளரில் இருப்பதில் பெரும்பகுதி கப்பலின் தண்ணீர்தான்.

கேள்வி: அந்தக் கப்பல் தண்ணீரைக் குடிக்கலாமா? பாட்டில் தண்ணீருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: தாராளமாகக் குடிக்கலாம். கப்பல்கள் கடல்நீரைக் குறைந்த அழுத்தத்தில், இயந்திர வெப்பத்தைக் கொண்டே ஆவியாக்கியோ எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையிலோ நன்னீராக்குகின்றன, துறைமுகத்திலும் நிரப்பிக்கொள்கின்றன. பிறகு குளோரின் சேர்க்கிறார்கள். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில், குழாய்த் தண்ணீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லி கிராமுக்குக் குறையாமலும் 5 மில்லி கிராமுக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கப்பல் சுகாதார விதி. வாடை பிடிக்காதவர்கள் ஐஸ் போட்டுச் சற்று வைத்துக் குடித்தால் தெரியாது. ஒரு காலிப் பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்ப் பஃபே கூடத்தில் தம்ளரால் பிடித்து ஊற்றிக்கொள்ளுங்கள். பாட்டில் வாயை நேரடியாகக் குழாயில் வைப்பது சுகாதாரக் கேடு, பணியாளர்களும் தடுப்பார்கள்.

கேள்வி: சென்ற பயணத்தில் பேக்கேஜோடு கொடுத்த கோப்பை வீட்டில் இருக்கிறது. அதையே எடுத்துக்கொண்டு போனால் இந்த முறையும் குளிர்பானம் பிடிக்க முடியுமா?

பதில்: முடியாது. ராயல் கரீபியன் போன்ற கப்பல்களில் தரும் கோப்பையின் அடியில் ஒரு சிப் பதிக்கப்பட்டிருக்கிறது. இயந்திரத்தின் தட்டில் கோப்பையை வைத்ததும் அந்த சிப்பைப் படித்து, பேக்கேஜ் நடப்பில் இருந்தால் மட்டுமே திரையில் பானங்களின் வரிசையைக் காட்டும். நீங்கள் கப்பலைவிட்டு இறங்கிய அன்றே அதன் கணக்கு முடிந்துவிட்டது. இந்த முறை அந்தக் கோப்பையை எலுமிச்சைச் சாற்றுக் குழாயடிக்குக் கொண்டுபோங்கள். அங்கே சிப் கேட்கமாட்டார்கள்.