பைன் காய் முத்திரையும் 800-உம் ஒரே பெட்டியில்

கேள்வி: மியூனிக்கில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு பழம்பொருள் கடையில் உள்ளங்கை அளவு வெள்ளிப் பெட்டி விலைக்கு இருக்கிறது. தங்க முலாம் பூசியது. ‘ஆக்ஸ்பர்க், 18-ஆம் நூற்றாண்டு’ என்கிறார் கடைக்காரர். அடியில் பைன் காய் முத்திரை. பக்கத்திலேயே பிறை, கிரீடம், 800 என்ற எண். “ஜெர்மன் சில்வருக்கா இவ்வளவு விலை?” என்று ஊரிலிருந்து அம்மா கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: முதலில் அம்மாவின் சந்தேகம். நம் பாத்திரக் கடைகளில் குங்குமச் சிமிழ், தாம்பாளம் என்று விற்கும் ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை அது. உங்கள் பெட்டி அது இல்லை. 800 என்றால் ஆயிரம் பங்கில் 800 பங்கு வெள்ளி.

ஆனால் சிக்கலே அந்த 800-இல்தான். பிறையும் கிரீடமும் ஜெர்மன் பேரரசின் முத்திரை. 1884-இல் சட்டம் போட்டு, 1888 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டுத் தட்டான் அதை எப்படி அடித்திருப்பார்? அவர் காலத்தில் மாற்றை ‘லோட்’ கணக்கில் சொல்வார்கள். 16 லோட் சுத்த வெள்ளி. ஆக்ஸ்பர்க் வழக்கம் 13 லோட், அதாவது 812.5. பைன் காய் அந்த நகரத்தின் சின்னம்தான். ஆனால் 1730-களின் நடுவிலிருந்து காய்க்கு அடியில் பொடியாக ஓர் எழுத்தும் சேர்ந்தது; காலத்தைக் கண்டுபிடிப்பது அதை வைத்துத்தான். அப்புறம், மாற்றுப் பார்க்கச் சுரண்டிய இடத்தில் நெளிநெளியாக ஒரு கோடு பல பழைய சாமான்களில் தெரியும். லென்ஸ் வைத்துத் தேடிப் பாருங்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய பாணிக்கு அங்கே பெரிய மோகம். ஹனாவ் நகரப் பட்டறைகள் பழைய முத்திரைகளைப் போலவே அடித்து ஏராளமாகச் செய்து தள்ளின. இதுவும் அந்த ரகம் என்றே நினைக்கிறேன். அதற்காக மட்டம் என்று சொல்ல மாட்டேன். வேலைப்பாட்டில் சில அசத்தும்.

விலைக்கு வருவோம். பெட்டி 200 கிராம் என்று வையுங்கள். 800 மாற்றில் 160 கிராம் வெள்ளி, 13 லோட்டில் 162.5. வித்தியாசம் இரண்டரை கிராம்தான். அவர் கேட்கும் கூடுதல் பணம் முழுக்க வயதுக்கு; அந்த வயது இதற்கு இல்லை. பிடித்திருந்தால், ‘1888-க்குப் பிந்தையது’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லி, அதற்கேற்ற விலைக்குப் பேசுங்கள்.

வாங்கி ஊருக்கு எடுத்துப் போனால் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்: வெள்ளிச் சாமான்தானே என்று விபூதி போட்டுத் தேய்த்தால், முலாம் துணியோடு வந்துவிடும்.