பெண்கள் சங்கதி பையனுக்கு எதற்கு?

கேள்வி: என் மகன் மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தோட்டத்துப் பெண்கள் ஏன் வருவதில்லை என்று ஓர் ஆய்வு நடக்கிறதாம். தமிழ் தெரிந்த மாணவர்கள் தேவை என்று விரிவுரையாளர் அழைத்திருக்கிறார். "ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்தச் சங்கதி?" என்கிறார் என் மாமியார். தேர்வு கெட்டுவிடுமோ என்பது என் பயம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள், அக்கா?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அனுப்புங்கள்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் தோட்டத்து மருந்தகத்தில் தாதியாக இருந்தவள். மருந்தடிக்கும் பெண்கள் காலை பத்து மணிக்கே முகத்தில் கட்டிய துண்டோடு வந்து நிற்பார்கள். மூக்கில் இரத்தம் வடியும். விரல் நகம் கறுத்துக் கழன்றிருக்கும். எல்லாம் பாராகுவாட் என்ற களைக்கொல்லியால். (2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020-இல்தான் முழுத் தடை வந்தது.) எங்கள் பதிவேட்டில் பெயர், தேதி, நோய், மருந்து என்று நான்கே கட்டங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கரு கலைந்ததுண்டா என்று எழுத இடமே கிடையாது. நானும் 'தலைவலி' என்று எழுதிப் பனடோல் கொடுத்து அனுப்பினேன். இன்று யாராவது அதைப் புரட்டினால், அந்தப் பெண்களுக்குத் தலைவலியைத் தவிர வேறு நோயே வந்ததில்லை என்றுதான் நினைப்பார்கள்.

தோட்டத்தில் மட்டும்தான் பெண்களைக் கேட்காமல் விட்டார்கள் என்று எண்ணாதீர்கள். ஸோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறுகிறது. அவர்களுக்குப் பாதி அளவு போதும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது 2013-இல். மாத்திரை அங்கே விற்பனைக்கு வந்து அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

கேட்டால் பலன் உண்டு. பரிசோதனை மேசையில் படுக்கக் கூச்சப்படும் பெண்களை மனத்தில் வைத்து, மலாயா பல்கலைக்கழகத்தில் 2018-இல் தொடங்கியதுதான் ரோஸ் என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம். அதில் பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்கிறாள். முடிவு கைத்தொலைபேசிக்கு வருகிறது.

பையனிடம் சிலர் பேசமாட்டார்கள் என்பது உண்மை. நேர்காணலுக்கு உடன் படிக்கும் பெண்கள் போகட்டும். இவன் ஆய்வின் வினாத்தாளைப் பார்க்கட்டும். அங்கேதான் வேலை அதிகம். 'மாதவிடாய்ச் சுழற்சி' என்று அச்சடித்திருப்பார்கள். நம் பாட்டிமாருக்கு அது 'வீட்டுக்குத் தூரம்'. 'கருப்பைவாய்' என்றால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

தேர்வு வாரத்தில் வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டால் போதும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்பதைத்தான் சேருமுன் கேட்க வேண்டும். இன்னொன்று, மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) பக்கத்தில் நிற்கும்போது யாரிடமும் சம்மதக் கையெழுத்து வாங்கக் கூடாது. மண்டோர் முன்னால் 'மாட்டேன்' என்று சொன்ன பெண்ணை நான் பார்த்ததே இல்லை.

முதலில் உங்கள் மாமியாரை உட்காரவைத்துக் கேள்விகளைப் படித்துக் காட்டும்படி மகனிடம் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் முகம் சுளிக்கிறாரோ, அந்த வரியை மாற்றி எழுதட்டும். அப்படியே, நீங்கள் இருவரும் கடைசியாக எப்போது பரிசோதித்துக்கொண்டீர்கள் என்றும் கேட்கட்டும்.