அலசியதும் உப்பிக்கொண்ட ஒட்டுத்துணி விரிப்பு

ஒட்டுத்துணி விரிப்பை முதல்முறை அலசியதும் சில கட்டங்கள் உப்பிக்கொண்டன, தையலில் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் தையலில் பிழையில்லை, துணிச் சேர்க்கைதான் காரணம். பாலராமபுரம் கைத்தறி வேட்டித் துண்டையும் களியக்காவிளை தையல்கடையில் கிடைத்த ஜாக்கெட் வெட்டுத்துண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்ததாகச் சொல்கிறீர்கள். முதல் அலசலில் கைத்தறியின் கஞ்சி போய்ப் பருத்தி சுருங்கிவிடும். ஜாக்கெட் துணியில் பாலியஸ்டர் கலந்திருந்தால் அது சுருங்காது. அதனால்தான் ஜாக்கெட் துணிக் கட்டங்கள் மட்டும் உப்பி நிற்கின்றன.

சந்தேகம் இருந்தால் ஜாக்கெட் துண்டில் நாலு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெத்தென்ற சாம்பலாகும். பாலியஸ்டர் உருகி, நுனியில் கெட்டியான மணியாகத் திரளும். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் தெரியும்.

முழுசாகப் பிரிக்காதீர்கள், இவ்வளவு உழைப்பு வீணாகக் கூடாது. உப்பிய கட்டங்களை மட்டும் எடுத்து, பக்கத்துக் கைத்தறிக் கட்டத்தின் இப்போதைய அளவுக்கு, சுற்றிலும் தையலுக்குக் கால் இஞ்ச் விட்டு வெட்டித் தையுங்கள். அப்புறம், அடுத்த முறை கைத்தறியை வெந்நீரில் ஊறவைத்து, அலசி, தேய்த்த பிறகே வெட்டுங்கள்.

கசவு, அதாவது சரிகைக் கரை உள்ள துண்டுக்கு மட்டும் பச்சைத் தண்ணீர் போதும். சரிகைமேல் சூடான இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்க வேண்டாம், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேயுங்கள்.